சாமி கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை

(மூன்றாம் ஆண்டு, இளமறிவியல் – கணினி அறிவியல்)

இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று தமிழ்த்துறைப் பேராசிரியர் கேட்டபோது, "ஐயா, எனக்குக் கவிதை வராது, கதையும் வராது" என்றேன். "வராததை யார் கேட்டார்கள்? உனக்கு நடந்ததை எழுது" என்றார். எனக்கு நடந்தது என்று சொல்லிக்கொள்ள இந்த ஆண்டில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. எங்கள் துறைக் கணினி ஆய்வகத்தில் ஒரு கோப்புறையின் வாசலில் நான்கு நாட்கள் நான் நின்ற கதை அது. கணினி படிக்காத நண்பர்களும் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். பூட்டு கணினியினுடையதே ஆயினும், பூட்டுக்கு வெளியே நின்றவர் மனிதர்.

எங்கள் ஆய்வகத்தில் நாற்பது கணினிகள் உண்டு. அவற்றுள் ஏழெட்டு எப்போதும் ஓய்வில் இருக்கும். மூலையில் கண்ணாடி அடைத்த சிறு அறையில் ஒரு சர்வர். மாணவர் ஒவ்வொருவருக்கும் அந்தச் சர்வரில் ஒரு கோப்புறை. எந்தக் கணினியில் அமர்ந்தாலும், தம் பெயரில் உள்ளே நுழைந்தால் தம் கோப்புறையைத் திறந்து எழுதலாம். பிறர் கோப்புறையைத் திறக்க இயலாது. வீட்டில் கணினி இல்லாத என் போன்றோருக்கு அந்தக் கோப்புறைதான் நோட்டு, பெட்டி, அலமாரி எல்லாம். அந்த அறையின் சாவி ஆய்வக உதவியாளரிடம் இருக்கும். நாங்கள் அவரை 'அண்ணன்' என்போம். சிரித்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. மணி ஐந்தானால் விளக்கை அணைத்துவிடுவார்.

சென்ற டிசம்பரில் எங்கள் வகுப்பில் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். புதிதாக என்பது எங்களுக்குத்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே வகுப்பில் ஐந்தாம் பருவம் வரை படித்து, தந்தையார் படுத்த படுக்கையாகிவிட்டதால் படிப்பை நிறுத்தி, பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர் அவர். மீண்டும் அனுமதி பெற்று ஆறாம் பருவத்தில் வந்து சேர்ந்தார். வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'அக்கா' ஆனார். வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயர்கள் எல்லாம் அச்சில் இருக்க, கடைசியில் அவர் பெயர் மட்டும் பேனா மையில் இருந்தது. உதவித்தொகைப் பட்டியல் வந்தால் அதில் அவர் பெயர் இராது. நூலகத்தில் அவர் அட்டை காலாவதி. ஒவ்வொரு மேசைக்கும் போய், "சார், நான் ரீ-அட்மிஷன்" என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். சலிக்காமல் சொல்வார்.

ஐந்தாம் பருவத்திலேயே அவர் தம் புராஜெக்டில் பாதியை முடித்திருந்தார். நிரலும் அறிக்கையின் மூன்று அத்தியாயங்களும் சர்வரில் அவருடைய பழைய கோப்புறையில் இருந்தன. வேறு எங்கும் பிரதி இல்லை. அதே புராஜெக்டைத் தொடரலாம் என்று துறைத்தலைவரும் இசைந்தார். வெள்ளிக்கிழமை முதல் மதிப்பீடு. என் கதை அதற்கு முந்தைய திங்கட்கிழமை தொடங்குகிறது.

அந்த வாரத்துக்கு முன்புதான் சர்வரில் பழைய வட்டு பழுதாகும் அறிகுறி காட்டியதால், புதிய வட்டு பொருத்தி எல்லாக் கோப்புகளையும் அண்ணன் அதற்கு மாற்றியிருந்தார். திங்கள் காலை ஆய்வகத்தில் ஒரே கூச்சல். எல்லோராலும் கோப்புறையைத் திறக்க முடிகிறது, படிக்க முடிகிறது, ஒரு வரிகூடச் சேமிக்க முடியவில்லை. 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று திரை சொல்லியது. அண்ணனோ சர்வர் அறையிலிருந்து, "எனக்கு நல்லாத்தானே எழுதுது!" என்றார். இரு தரப்பும் உண்மையே பேசியது என்பதுதான் வேடிக்கை. துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, "நீ போய் அவர் கூட உட்கார்ந்து பார்" என்றார். நான் போனேன்.

இவ்விடத்தில் சிறு விளக்கம் தேவை. விண்டோஸ் சர்வரில் உள்ள ஒரு கோப்புறையை வலையமைப்பு வழியாகப் பகிரும்போது அதற்கு இரண்டு வாசல்கள் அமைகின்றன. வெளிவாசல், பகிர்வுக்கான அனுமதி. உள்வாசல், வட்டில் அந்தக் கோப்புறையோடு ஒட்டியிருக்கும் அனுமதி; 1993ஆம் ஆண்டில் விண்டோஸ் என்.டி.யோடு வந்த என்.டி.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமையின் ஏற்பாடு அது. வலை வழியே வருபவர் இரண்டு வாசலையும் கடக்க வேண்டும். இரண்டில் எது குறைவாகத் தருகிறதோ அதுவே அவருக்குக் கிடைக்கும். உள்வாசலில் 'எழுதலாம்' என்றிருந்தாலும் வெளிவாசலில் 'படிக்க மட்டும்' என்றிருந்தால் படிக்கத்தான் முடியும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த ஏற்பாட்டுக்கு அப்படியே பொருந்தும்! சர்வரின் முன்னாலேயே அமர்ந்திருப்பவருக்கோ வெளிவாசல் என்பதே கிடையாது. கருவறைக்குள் நிற்பவருக்குக் கோபுர வாசல் பூட்டியிருப்பது எப்படித் தெரியும்? அதனால்தான் அண்ணனுக்கு எழுதியது, எங்களுக்கு எழுதவில்லை.

கோப்புகளை மாற்றும்போது அவற்றின் உள் அனுமதிகளையும் அண்ணன் சிதையாமல் மாற்றியிருந்தார். ஆனால் புதிய வட்டில் பகிர்வைப் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. புதிதாக அமைக்கும் பகிர்வில் 'எல்லோரும் படிக்கலாம்' என்பது மட்டுமே இயல்பாக இருக்கும். அதை மாணவர் குழுவுக்கு 'மாற்றலாம்' என்று திருத்தினோம். கூச்சல் அடங்கிற்று. நான் பெரிய மேதையைப் போல வெளியே வந்தேன்.

என் மேதைமை ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. செவ்வாயன்று அக்கா என் அருகே வந்து, "தம்பி, எல்லாருக்கும் வருது. எனக்கு மட்டும் வரல" என்றார்.

எல்லோருக்கும் வந்து ஒருவருக்கு மட்டும் வராவிட்டால் மனித மனம் எங்கே போகும்? அங்கேதான் எங்கள் மனமும் போயிற்று. முந்தைய வாரம் ஐந்து மணிக்குப் பிறகும் அக்கா தட்டச்சு செய்துகொண்டிருந்ததற்காக அண்ணன் கடிந்துகொண்டதை நாங்கள் அனைவரும் பார்த்திருந்தோம். "வேணும்னே பூட்டி வெச்சிருக்காருடா" என்றான் ஒரு நண்பன். "இருக்கும்" என்றேன் நான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன் என்று சொன்னாலும் தவறில்லை.

முதலில் அக்காவை வேறு கணினியில் நுழையச் செய்தேன். அங்கும் அதே மறுப்பு. அவருடைய கணினியில் நான் நுழைந்தேன்; எனக்குத் திறந்தது. ஆகவே குறை கணினியிலும் இல்லை, கம்பியிலும் இல்லை; அவர் பெயரோடு போகிறது என்று தெரிந்தது. சர்வரில் பார்த்தால், இறுதியாண்டு மாணவர் குழுவில் அவர் பெயர் இல்லை. டிசம்பரில் புதிய கணக்கு தொடங்கியபோது குழுவில் சேர்ப்பது விடுபட்டிருக்கிறது. "இங்கேயும் பேனா மையில் எழுதணும் போல" என்று அக்கா சிரித்தார். அண்ணனைக் கொண்டு சேர்த்தேன். அக்கா மீண்டும் முயன்றார். மறுப்பு மாறவில்லை.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சேர்த்தாயிற்று, பட்டியலில் பெயர் இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன். பிறகு ஏன் மறுக்கிறது?

புதன் காலை பாடநூலைப் புரட்டியபோது விடை கிடைத்தது. நாம் கணினியில் நுழையும் கணத்தில் அது நமக்கு ஒரு டோக்கன் தருகிறது. நாம் யார், எந்தெந்தக் குழுவில் இருக்கிறோம் என்பதெல்லாம் அதில் எழுதப்படும். அதன்பின் ஒவ்வொரு வாசலிலும் அந்த டோக்கனைத்தான் காவலன் பார்க்கிறான். டோக்கன் என்பது என் உவமை அன்று; கணினி நூல்களில் அதற்குள்ள பெயரே அதுதான். ரேஷன் கடையில் காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். பத்து மணிக்குப் பட்டியலைத் திருத்தினால், கையில் உள்ள டோக்கன் தானாகத் திருந்திவிடுமா? வெளியே போய்ப் புதிய டோக்கன் வாங்கி வர வேண்டும். அக்கா செவ்வாயன்று வெளியேறாமலே முயன்றுகொண்டிருந்தார்.

நம் டோக்கனில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிய ஒரு கட்டளை உண்டு. 'ஹூ ஆம் ஐ' என்று இடைவெளியின்றித் தட்டச்சு செய்ய வேண்டும். 'நான் யார்?' என்பது பொருள். திருவண்ணாமலையில் ரமண மகரிஷி ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ளச் சொன்ன அதே கேள்வி! மகரிஷியின் கேள்விக்கு விடை காண ஒரு பிறவி போதுமோ என்னவோ. கணினி ஒரு நொடியில் சொல்லிவிடும். அக்கா வெளியேறி மீண்டும் நுழைந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். இறுதியாண்டுக் குழுவின் பெயர் திரையில் வந்தது. பகிர்வு திறந்தது. எங்கள் எல்லோருடைய கோப்புறைகளும் வரிசையாகத் தெரிந்தன. நடுவில் அவருடைய கோப்புறை. அதைத் தொட்டார்.

அனுமதி மறுக்கப்பட்டது.

"பரவால்ல தம்பி, எனக்குப் பழகிப்போச்சு" என்றார். எனக்குப் பழகவில்லை. நேரே சர்வர் அறைக்குப் போய், அந்தக் கோப்புறையின் அனுமதிப் பட்டியலைக் காட்டச் சொன்னேன். அண்ணன் மறுபேச்சின்றிக் காட்டினார். உண்மையைச் சொல்கிறேன்: நான் தேடியது ஒரு 'மறுப்பு' வரியை. அனுமதிப் பட்டியலில் 'இன்னாருக்கு அனுமதி' என்று எழுதுவது போலவே 'இன்னாருக்கு மறுப்பு' என்றும் எழுதலாம். ஒரு கோப்புறையில் நேரடியாக எழுதிய மறுப்பு, அனுமதிகளை எல்லாம் வென்றுவிடும். யாரோ அக்காவுக்கு எதிராக ஒரு மறுப்பை எழுதியிருக்கிறார் என்று நான் உறுதியாக நம்பினேன். அந்த 'யாரோ' என் அருகில்தான் அமர்ந்திருந்தார்.

மறுப்பு வரி ஒன்றும் இல்லை. ஆசிரியர் குழு, நிர்வாகிகள், அவர்களுக்குக் கீழே 'அறியப்படாத கணக்கு' என்று ஒரு வரி. அதில் பெயருக்குப் பதிலாக 'எஸ்-1-5-21' என்று தொடங்கும் நீண்ட எண். அந்த எண்ணுக்குத்தான் திறக்கவும், எழுதவும், திருத்தவும் அனுமதி.

"இது யாருண்ணா?"

"அந்தப் பொண்ணுதான்" என்றார் அண்ணன்.

பிறகு அவர் விளக்கிய செய்தி எங்கள் பாடநூலிலும் இருக்கிறது, நான் கவனித்ததில்லை. கணினிக்கு நம் பெயர் ஒரு பொருட்டே அன்று. கணக்கு தொடங்கும்போது நமக்கு ஓர் எண் தருகிறது. அனுமதிப் பட்டியலில் அந்த எண்ணைத்தான் எழுதிவைக்கிறது. நமக்குக் காட்டும்போது மட்டும் எண்ணுக்குரிய பெயரைத் தேடி எடுத்துக் காட்டுகிறது. கணக்கை அழித்துவிட்டால் எண் நிற்கும். அதற்குரிய பெயர் மறைந்துவிடும். பின்னர் அதே பெயரில், அதே எழுத்துகளில் புதிய கணக்கு தொடங்கினாலும் எண் புதியது. பழைய எண் மீண்டும் பிறப்பதில்லை. அக்கா படிப்பை நிறுத்தியபோது, பெயர் நீக்கப்பட்டவர்களின் கணக்குகளை வழக்கம்போல் அழித்திருக்கிறார்கள். டிசம்பரில் வந்தவர் கணினியைப் பொறுத்தவரை வேறொருவர். பழைய அக்காவின் பெட்டியைப் புதிய அக்காவுக்குத் திறந்துவிட அதற்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

இதற்குள் மணி நான்கு ஆகியிருந்தது. என்னோடு வந்திருந்த நண்பன், "எதுக்குடா இவ்வளவு? 'எல்லோருக்கும் முழு அனுமதி'ன்னு போட்டுடு. முடிஞ்சுது" என்றான். எனக்கும் அதுவே சரியெனப்பட்டது. என் கை மௌஸை நோக்கிப் போயிற்று. அண்ணன் தடுத்தார்.

"தம்பி, பூட்டு திறக்கலைன்னு கதவையே கழட்டி வெச்சுடுவியா? முன்னாடி ஒரு வருஷம் அப்படித்தான் திறந்து போட்டாங்க. ஒரு பையனோட புராஜெக்ட் மொத்தமும் காணாமப் போச்சு. யாரு அழிச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பரீட்சைக்கு முதல் நாள் அவன் இங்கதான் உட்கார்ந்து அழுதான்."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய நாளிலேயே இந்தத் தொல்லையும் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1961இல் உருவான ஒரு பகிர்வுக் கணினி முறையில் ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல் தந்தார்கள். அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று, கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார்! மாணவர்கள் எங்கும் மாணவர்களே. 1975இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இரண்டு நெறிகளைச் சொன்னார்கள். ஒருவருக்கு அவர் பணிக்கு வேண்டிய அளவே உரிமை தருக என்பது ஒன்று. அனுமதி உண்டு என்று எழுதாத இடத்தில் அனுமதி இல்லை என்றே கொள்க என்பது மற்றொன்று. இன்று நம் ஆய்வகத்துச் சர்வரும் அந்த நெறிகளின் வழிதான் நடக்கிறது. அக்காவை அது மறுக்கவில்லை. அவரைப் பற்றி அதனிடம் ஒன்றும் எழுதப்படவில்லை, அவ்வளவே. ஆனால் வாசலில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே வாசகமாகத்தான் தெரிகின்றன.

வியாழன் காலை வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. கோப்புறையின் பட்டியலில் அக்காவின் புதிய கணக்குக்குத் 'திருத்தலாம்' என்ற அனுமதியைச் சேர்த்து, உள்ளே உள்ள எல்லாக் கோப்புகளுக்கும் அது இறங்குமாறு செய்தோம். அறியப்படாத அந்த எண்ணை நீக்கினோம். இன்னார் இந்தக் கோப்புறையில் என்னென்ன செய்யலாம் என்று கேட்டால் எல்லா விதிகளையும் கூட்டிக் கணக்கிட்டுச் சொல்லும் பக்கம் ஒன்று சர்வரில் உண்டு. அதிலும் சரிபார்த்தோம். அதோடு விடாமல், திங்களன்று கற்ற பாடத்தை மறவாமல், அக்காவையே அவர் இருக்கையிலிருந்து ஒரு வரி எழுதிச் சேமிக்கச் சொன்னேன். சேமித்தது. மூன்று அத்தியாயங்களும், இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் விட்ட இடத்திலேயே இருந்தன. அக்கா ஒன்றும் பேசவில்லை. முதல் அத்தியாயத்தைத் திறந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் எனக்கு ஓர் ஐயம் பிறந்தது. கணக்கை அழித்தபோது கோப்புறையை ஏன் அழிக்கவில்லை? வட்டில் இடம் இல்லை என்று ஆண்டுதோறும் பழைய கோப்புறைகளை நீக்குவது வழக்கமாயிற்றே? அண்ணனிடம் கேட்டேன்.

"அழிக்கச் சொல்லித்தான் லிஸ்ட் வந்துச்சு" என்றார், என் முகத்தைப் பாராமல். "நல்லாப் படிக்கிற பொண்ணு. எப்படியும் திரும்பி வரும்னு தோணுச்சு. வெச்சிருந்தேன்."

இரண்டு ஆண்டுகள் வைத்திருந்திருக்கிறார். வட்டு பழுதாகத் தொடங்கியபோதும் அதை விட்டுவிடாமல், உள்ளே உள்ள அனுமதிகளோடு புதிய வட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். வேண்டுமென்றே பூட்டிவைத்தார் என்று யாரைச் சொன்னோமோ, அவர் இல்லையென்றால் திறப்பதற்கு அங்கே ஒன்றுமே இருந்திராது. "அண்ணே, உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறீங்க. அஞ்சு மணிக்கு மேல ஆச்சுன்னா எனக்குக் கடைசி பஸ் போயிடும்பா" என்றார்.

வெள்ளிக்கிழமை மதிப்பீடு நல்லபடியாக நடந்தது. அதை விரித்து எழுத ஒன்றும் இல்லை.

இளைய வகுப்பு நண்பர்களுக்கு ஒரு சொல். உங்களுக்கும் ஒரு நாள் இந்த மறுப்பு வரும். அப்போது முதலில் 'நான் யார்?' என்று கணினியைக் கேளுங்கள். குழுவில் புதிதாகச் சேர்த்திருந்தால் வெளியேறி மீண்டும் நுழையுங்கள். பிறகு வெளிவாசலைப் பாருங்கள். அதன்பின் உள்வாசலைப் பாருங்கள். பட்டியலில் பெயரற்ற எண் கண்டால் அது ஒரு காலத்தில் ஒரு மனிதர் என்று அறிந்துகொள்ளுங்கள். எதுவும் புரியவில்லை என்பதற்காகக் கதவைக் கழற்றிவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பூட்டியவர் யார் என்று தேடுவதை விட்டு, பூட்டு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். நான் அந்த வரிசையில் தேடியிருந்தால் நான்கு நாட்கள் ஒரு நாளாகியிருக்கும். ஒரு நல்ல மனிதரைப் பற்றி 'இருக்கும்' என்று சொல்லாமலும் இருந்திருப்பேன்.

வருகைப் பதிவேட்டில் அக்காவின் பெயர் இன்னும் பேனா மையில்தான் இருக்கிறது. எண் வரிசையில் கடைசி. ஆனால் ஆசிரியர் அந்தப் பெயரை அழைக்கும்போது, "உள்ளேன் ஐயா" என்று வரும் குரல் எங்கள் குரல்கள் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்கிறது.